மலைக்குக் கொண்டுபோகிற பை: யாழ்ப்பாணத்திலிருந்து முகாமிடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை நெருங்கினால் என் போன் ஓயாது. ஒன்பது வருடமாக யாழ்ப்பாணத்திலிருந்து சின்னச் சின்னக் குழுக்களாக மலைநாட்டுக்குப் போய் வருகிறோம். சொந்தக்காரர், அயலவர், என்னோடு படிப்பிக்கிற ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக நாலைந்து பேர் சேருவார்கள். ஆட்கள் மாறினாலும் கேட்கிற சந்தேகம் மாறுவதில்லை, ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இரண்டு இரவு கூடாரத்தில் படுக்கை, நாளுக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர் நடை என்று வைத்துக்கொண்டு பதில்களை வாசியுங்கள்.

அக்கா, பை எத்தினை கிலோ இருக்கலாம்?

தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதுவும் நடந்து பழகியவர்களுக்குத்தான். முதல் தடவை வருகிறவர் ஏழில் ஒரு பங்கோடு நிற்பது நல்லது, 63 கிலோ ஆள் என்றால் 9 கிலோ. எடை பார்க்கிற மெஷினில் பையோடு ஒரு தரம், பை இல்லாமல் ஒரு தரம் ஏறிக் கழித்துப் பாருங்கள். சின்னச் சாமான்களை முன்கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

எங்கள் ஊரில் ஏறிப் பழக ஒரு மேடுகூட இல்லை. அதனால் புதிதாக வருகிறவர்களை முதலில் மணற்காட்டுக்கு அனுப்புவேன். நிரப்பிய பையோடு அந்த மணல் திட்டுகளில் காலை ஆறு மணிக்கு ஒரு மணித்தியாலம் ஏறி இறங்கினால் எந்தப் பட்டி தோளை அறுக்கிறது, எந்தச் சாமான் முதுகில் குத்துகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து பையைத் திறக்கிறபோது நீங்களாகவே இரண்டு கிலோவை வெளியே எடுத்து வைப்பீர்கள்.

பிள்ளையின்ர ஸ்கூல் பாக்கைக் கொண்டு போனால் காணாதோ?

ஒரு நாள் நடைக்குக் காணும். இரவு தங்குவதென்றால் 40 லீற்றர் அளவில், இடுப்புப் பட்டி வைத்த பை வேண்டும். பாரம் இடுப்பில் இறங்க வேண்டும், தோளிலேயே தொங்கினால் இரண்டாவது மணித்தியாலத்தில் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். 70 லீற்றர் பையை யாராவது இரவல் தந்தாலும் வாங்காதீர்கள். இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, நிரப்பத்தான் பார்க்கும்.

அடுக்கும்போது படுக்கைச் சாமான் அடியில், பாரமானவை முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டும் ரோச்சும் ஆக மேலே.

அங்க குளிர் எப்பிடி? எத்தினை சுவெட்டர் கொண்டு போறது?

ஒன்று. இந்தப் பதிலைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆகவே கணக்கைச் சொல்கிறேன். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். நாங்கள் இருப்பது கடல் மட்டத்தில், ஹோட்டன் சமவெளி இருப்பது 2,100 மீற்றர் உயரத்தில். இங்கே 28 பாகை என்றால் அங்கே பகலில் 14 அளவில் இருக்கும். இரவில் இன்னும் இறங்கும், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்.

ஆனால் நடக்கிறபோது அந்தக் குளிரிலும் வேர்க்கும். உடம்போடு ஒரு மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட், அதற்கு மேல் ஒரு சுவெட்டர், அதற்கும் மேல் காற்றையும் மழையையும் மறிக்கிற மழைக்கோட்டு. இந்த மூன்றையும் போட்டும் கழற்றியும் சமாளிக்கலாம். இவற்றை விட, படுக்கும்போது மட்டும் போடுகிற ஒரு சோடி உடுப்பு வேண்டும்: நீளக் காற்சட்டை, நீளக் கைச் சட்டை, தடித்த மேஸ், கம்பளித் தொப்பி. பகலில் என்ன நனைந்தாலும் அந்தச் சோடியைத் தொடக்கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். மூன்று சுவெட்டர் கொண்டுவந்து மூன்றையும் பகலிலேயே நனைத்துவிட்டு விடியும் வரை பல்லுக் கிடுகிடுத்தபடி இருந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வரலாமோ? சாரம் கொண்டு வரலாமோ?

ஜீன்ஸ் வேண்டாம். என் தம்பியின் ஜீன்ஸைக் காய்ந்தபடி ஒரு தரமும், தண்ணீரில் முக்கிப் பிழிந்த பிறகு ஒரு தரமும் நிறுத்துப் பார்த்தோம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. மலைநாட்டு மூடுபனியில் அது காய்வதற்குள் நீங்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிடுவீர்கள். மெல்லிய ஓட்டக் காற்சட்டை நனைந்தாலும் நடக்க நடக்கவே காயும். பெண்பிள்ளைகளுக்கும் இதுதான். பஞ்சாபி போட்டு வரலாம், ஆனால் சால்வை பற்றைகளில் கொழுவும், அதை வீட்டில் விட்டுவிடுங்கள்.

சாரம் பருத்திதான், என்றாலும் அது ஒன்றுக்கு நான் இடம் கொடுப்பேன். உடுப்பு மாற்ற மறைப்பு, இரவில் போர்வைக்குள் இன்னொரு போர்வை, பஸ்ஸில் தலையணை. தடித்த துவாயைக் கொண்டுவராமல் பழைய மெல்லிய சாரம் ஒன்றைக் கொண்டுவந்தால் அரைக் கிலோ குறையும். அதை நடக்கிறபோது கட்டாமல் விட்டால் சரி.

புதுச் சப்பாத்து வாங்கவோ, இருக்கிறது காணுமோ?

இருக்கிறது, காலுக்குப் பழகினது, அடியில் பள்ளம் தேயாமல் இருந்தால் அதுவே நல்லது. புதிதாக வாங்குவதென்றால் இரண்டு கிழமைக்கு முன்னம் வாங்கி, கடைக்கும் கோயிலுக்கும் போட்டு நடவுங்கள். மேஸ் போட்ட பிறகு பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் முன்னே போய் இடிக்கும், நகம் கறுத்துவிடும்.

பல வருடம் அலுமாரியில் கிடந்த சப்பாத்தில் கவனம். பார்க்கப் புதிதுபோல இருக்கும், ஆனால் எங்கள் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அடிப்பாகம் தானாகவே உக்கிப்போயிருக்கும். ஒரு முறை ஹோட்டன் சமவெளியில் மூன்றாவது கிலோமீற்றரில் என் அண்ணாவின் இடது சப்பாத்தின் அடி, பாணிலிருந்து தோல் கழன்றதுபோல முழுதாகக் கழன்றது. அரை மணித்தியாலத்தில் வலதும் போனது. கூடாரக் கயிற்றால் கட்டிக் கட்டித்தான் திரும்பி வந்தார். புறப்படுவதற்கு முதல் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் கொண்டுவர வேண்டாம். முகாமில் போட ஒரு மெல்லிய செருப்பு, நடக்க இரண்டு சோடி மேஸ், அவ்வளவுதான்.

அட்டை கடிக்குமாமே, அதுக்கு என்ன கொண்டு வாறது?

நக்கிள்ஸ் பக்கம், அதுவும் மழை பெய்தபின் என்றால் கட்டாயம் கடிக்கும். முழங்கால் வரை வருகிற, நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டை மேஸ் போதும். தையல் தெரிந்தவர் வீட்டிலேயே தைக்கலாம். வழமையான மேஸுக்கு மேலே போட்டு நாடாவால் கட்ட வேண்டும். சப்பாத்துக்கு வெளியே சவர்க்காரத்தைத் தேய்த்தாலும் ஓரளவு தடுக்கும்.

கடித்தால் இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். நகத்தை அதன் வாயின் ஓரமாகத் தோலோடு சேர்த்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்கிற பொருளை அது விட்டுச் செல்வதால் கொஞ்ச நேரம் கசியும், கழுவி ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் நிற்கும். இதற்கென்று மருந்துப் பெட்டி சுமக்கத் தேவையில்லை.

அம்மா மூண்டு நாளுக்கும் சாப்பாடு கட்டித் தாறன் எண்டு நிக்கிறா. என்ன செய்யிறது?

முதல் நேரத்துக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள். தேங்காய்ப்பூப் போட்ட புட்டு பஸ் வெக்கையில் பின்னேரத்துக்குள் புளித்துவிடும், அதை மலையில் வைத்துச் சாப்பிட்டு வயிற்றாலே போனால் பயணமே முடிந்தது. கறிச் சட்டி, போத்தலில் அடைத்த ஊறுகாய், ரின்மீன் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரின்னிலும் கண்ணாடியிலும் நீங்கள் சுமப்பது பாதி இரும்பும் கண்ணாடியும்தான்.

அம்மாவிடம் உண்மையில் கேட்க வேண்டியது வேறு. நடைக்குச் சாப்பாடு செய்வதில் எங்கள் வீட்டுக் கிழவிகளை மிஞ்ச ஆளில்லை. பொரிவிளாங்காய் ஒரு கிழமை கிடந்தாலும் பழுதாகாது, இரண்டு உருண்டை கடித்தால் ஒரு மணித்தியாலம் நடக்கலாம். எள்ளுருண்டை, புழுக்கொடியல், பனங்கட்டித் துண்டு, வறுத்த கச்சான், பினாட்டு எல்லாம் தண்ணீர் வற்றிய சாப்பாடுகள், ஆகவே பாரம் குறைவு, பசி தாங்கும். காலைக்குச் சத்துமாவைச் சுடுதண்ணீரில் குழைத்துச் சீனி போட்டால் முடிந்தது. இரவுக்கு நூடில்ஸோ அவலோ, அதற்கு மேலே நன்றாக வறுத்து இடித்த சம்பல் ஒரு கரண்டி. ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் உலர்ந்த சாப்பாடு தாராளம். எல்லாவற்றையும் நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்துச் சின்னத் துணிப் பைகளில் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். "முதலாம் இரவு" என்று எழுதிய பையை எடுத்தால் சரி, இருட்டில் முழுப் பையையும் கிளறத் தேவையில்லை.

நாலு பேருக்கு ஒரு சட்டி, ஒரு அடுப்பு. ஆளுக்கு ஒரு கோப்பையும் கரண்டியும்.

தண்ணி எத்தினை லீற்றர் தூக்கிறது? ஓடையில குடிக்கலாம்தானே?

ஒரு லீற்றர் ஒரு கிலோ, பையில் உள்ள ஆகப் பெரிய பாரம் இதுதான். ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நடக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அரை லீற்றர் என்று கணக்குப் பார்த்து, அடுத்து நிரப்புகிற இடம் வரைக்கும் காணுகிற அளவைத் தூக்குங்கள். பெரும்பாலும் இரண்டு லீற்றர் வரும்.

ஓடைத் தண்ணீர் குளிர்ந்து, எங்கள் கிணறுகளின் சுண்ணாம்புச் சுவை இல்லாமல் இனிமையாக இருக்கும், அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பளிங்குபோலத் தெரிந்தாலும் மேலே மாடு நின்றிருக்கலாம், எலி செத்திருக்கலாம். கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். குமிழி பொங்கத் தொடங்கி ஒரு நிமிடம், 2,000 மீற்றருக்கு மேலே என்றால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம். தேயிலைத் தோட்டத்துக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ கீழே ஓடி வருகிற தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள், கிருமி சாகும், தெளித்த மருந்து போகாது.

பிள்ளை, தறப்பாளுக்குக் கீழ படுத்தது காணாதெண்டே இப்ப காசு குடுத்துப் போய்ப் படுக்கிறியள்?

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு மாமா கேட்டது. வேறு பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள், எனக்கு அது கோபம் தருவதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம், எனக்கு அப்போது பத்து வயது. இப்போது போவது நாங்களாக விரும்பி, திரும்பி வருகிற நாளும் தெரிந்து. அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும், மாமாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

அன்றைக்கு அம்மா எடுத்தது ஒரேயொரு உரப்பை. அரிசி, ஒரு சட்டி, இரண்டு சாரம், ஒரு பால்மா ரின். ரின்னுக்குள்ளே எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும், அப்பாவின் குளிசைகளும், ஒரு நெருப்புப் பெட்டியும் இருந்தன, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டிருந்தா. இரவு முழுக்க மழை. விடிய ஒரு மரத்துக்குக் கீழே உரப்பையை அவிழ்த்தபோது அரிசிகூட ஊறியிருந்தது, ரின்னுக்குள்ளே மட்டும் ஈரம் போகவில்லை. இன்றைக்கும் பை கட்டுகிறபோது எது நனையக்கூடாது என்பதைத்தான் நான் முதலில் எடுத்து வைக்கிறேன்.

பைக்கு மழை உறை இருக்கு. பிறகென்ன, நனையாதுதானே?

நனையும். உறை வெளியே மூடும், முதுகுப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளேயே நீர் புகாத உறைப் பை ஒன்றை வைத்து, அதற்குள் படுக்கையையும் மேலே சொன்ன படுக்கை உடுப்பையும் போட்டு வாயை மூன்று தரம் சுருட்டி மூடுங்கள். மெல்லிய சொப்பிங் பைகளை நம்பாதீர்கள். ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். அது சரியான வேலை, அங்கே மரைகள் அந்தக் குப்பையைத் தின்கின்றன. சாப்பாட்டைத் துணிப் பையிலோ மூடியுள்ள பெட்டியிலோ கொண்டுவந்தால் வாசலில் மினக்கெடத் தேவையில்லை.

அங்கே முகாமிடுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அந்தப் பத்திரமும் அடையாள அட்டையும் நனையாத பைக்குள்.

கூடாரம் ஆளுக்கொண்டு வேணுமோ?

வேண்டாம். இரண்டு பேர் கூடாரம் இரண்டரை, மூன்று கிலோ வரும். ஒருவர் துணியையும் மற்றவர் கம்பி, முளை, அடிவிரிப்பையும் தூக்கினால் ஆளுக்கு ஒன்றரைக்குள் முடியும். அடியில் போடுகிற மெத்தை விரிப்பை விட்டுவிடாதீர்கள். மேலே எவ்வளவு போர்த்தாலும் நிலம் சூட்டை உறிஞ்சிவிடும். புறப்படுவதற்கு முதல் கூடாரத்தை முற்றத்தில் ஒரு தரம் அடித்துப் பாருங்கள், முளை குறைந்திருப்பது முற்றத்தில் தெரிந்தால் நல்லது.

கனடாவில இருந்து மச்சான் வாறான். காஸ் அடுப்பும் பவர் பாங்கும் கொண்டு வரச் சொல்லவோ?

அடுப்பைக் கொண்டு வரலாம், பாவித்ததென்றால் வாசம் இல்லாமல் கழுவியிருக்க வேண்டும். காஸ் ரின் விமானத்தில் எந்தப் பையிலும் ஏறாது. இங்கே வாங்கலாம், ஆனால் மச்சானின் அடுப்புக்குத் திருகுகிற ரின், எங்கள் கடைகளில் அதிகம் கிடைப்பது நீளமான மேசையடுப்பு ரின். பொருந்துகிற இணைப்பையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த நீள ரின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் அது ஆவியாகாது. விடியப்புறம் அடுப்பு மினுங்கினால் ரின்னைக் கொஞ்ச நேரம் சுவெட்டருக்குள் வைத்திருந்து பிறகு கொழுவுங்கள். விறகு மூட்டுவது என்ற கதையே வேண்டாம், காய்ந்த பத்தனைப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலைச்சரிவு முழுக்க எரியும்.

பவர் பாங்கைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், 100 வற் மணிக்கு உட்பட்டதாக. 20,000 என்று போட்டிருப்பது 74 அளவில் வரும், பயமில்லை. உண்மையில் இரண்டு இரவுக்கு ஒருவருக்கு 10,000 காணும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே பற்றரியைக் குடிக்கும், ஃபிளைட் மோடில் போட்டு விடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். வெளிச்சத்துக்குப் போனை நம்பாமல் நெற்றியில் கட்டுகிற ரோச் ஆளுக்கொன்று.

அக்கா, அந்த நாள் வந்திட்டால் என்ன செய்யிறது?

தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், தயங்க ஒன்றுமில்லை. நாள் இல்லாவிட்டாலும் பாட் நாலைந்து கொண்டு வாருங்கள், மலை ஏறுகிற களைப்பில் முந்தி வந்தவர்கள் இருக்கிறார்கள். பாவித்ததைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மூடியுள்ள சின்னப் பெட்டியில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். புதைத்தால் மிருகங்கள் கிளறும். கழுவ ஒரு போத்தல் தண்ணீரைத் தனியாக வையுங்கள். குளிசை தேவைப்படுகிறவர் வழமையாகப் போடுவதையே கொண்டு வாருங்கள். மற்ற மருந்துகளுக்கும் இதே கதைதான்: வழமையாகப் போடுகிறவை, ஜீவனி இரண்டு பக்கற், பனடோல் ஒரு மட்டை, பிளாஸ்டர். இழுப்பு உள்ளவர் பம்பைக் காற்சட்டைப் பையில் வையுங்கள்.

அப்பாவுக்கு 62. சிவனொளிபாதமலைக்கும் இதே பைதானோ?

இல்லை, அதற்குப் பாதி போதும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரைக்கும் பருவகாலம். நல்லதண்ணிப் பாதையில் வெளிச்சமும் தேத்தண்ணிக் கடைகளும் இருக்கும், ஆகவே சாப்பாடும் கூடாரமும் தேவையில்லை. அப்பா ஒன்றும் தூக்க வேண்டாம், ஒரு ஊன்றுகோல் மட்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

உங்கள் பையில் அப்பாவுக்கு ஒரு காய்ந்த ரீசேர்ட் கட்டாயம். இரவிரவாக ஏறி வேர்வையில் ஊறிய உடம்போடு 2,243 மீற்றரில் சூரியன் வரும்வரை காற்றில் நிற்கிறபோதுதான் ஆட்கள் நடுங்கிப் போகிறார்கள். மேலே போனதும் கோயிலுக்குப் பின்பக்கமாக ஒதுங்கி உடம்போடு இருக்கிறதை மாற்றி, சுவெட்டரைப் போட்டுத் தொப்பியையும் போட்டுவிடுங்கள். பருவகாலம் இல்லாத மாதத்தில் போவதென்றால் கடையும் இல்லை, வெளிச்சமும் இல்லை, மழையும் உண்டு. அப்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வரேக்க கரட், லீக்ஸ் வாங்க வேணுமெண்டு வீட்டில சொல்லுகினம். அதுக்கு இடம் விடவோ?

நுவரெலியா போய் வெறுங்கையோடு வந்தால் வீட்டில் கதைப்பார்கள், தெரியும். மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற துணிப்பை ஒன்றைக் கொண்டு வாருங்கள். நடை எல்லாம் முடிந்து பஸ் ஏறுகிற அன்றைக்கு வாங்குங்கள். முதல் நாளே நாலு கிலோ கரட் வாங்கி மலை ஏற்றிய ஆட்களோடு நான் நடந்திருக்கிறேன்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் வச்சன், இன்னும் 12 கிலோ நிக்குது. எதை எடுக்கிறது?

பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். மழைக்கோட்டு, படுக்கை உடுப்பு, ரோச், தண்ணீர், மருந்து, இந்த ஐந்தையும் தனியே தள்ளி வையுங்கள், அவற்றில் கை வைக்கக்கூடாது. மிச்சத்தில் இரண்டாக இருப்பதில் ஒன்றை எடுங்கள்: இரண்டாவது காற்சட்டை, இரண்டாவது செருப்பு, இரண்டாவது கத்தி. ஷாம்பு, பவுடர், சென்ற் வேண்டாம், இரண்டு நாள் குளிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சவர்க்காரத்தை நாலாக வெட்டி ஒரு துண்டு. வீட்டுப் போர்வை இரண்டு கிலோ வரும், அதை எடுத்துவிட்டு ஸ்லீப்பிங் பேக் இரவல் வாங்குங்கள், என்னிடமே மூன்று இருக்கிறது.

பிறகு கூட வருகிறவர்களைப் போனில் பிடித்து யார் யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள். போன ஆகஸ்டில் எட்டுப் பேர் வந்தோம், பைகளைத் திறந்தால் ஆறு சீனிப் போத்தல், ஐந்து சட்டி.